ஒரு வாய்தானே என்று ஊட்டாதீர்கள்

புதுச்சேரிக் கடைகளில் இப்போது 'குளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகளைப் பார்க்கிறோம். பிரான்சிலிருந்து வரும் சரக்கில் 'சான் குளுத்தேன்' என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலைக் கெடுக்கும்; சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான் வைத்தியம். நோய் இல்லாதவர்கள் அந்த விலை கொடுத்து பிஸ்கட் வாங்குவது வீண் என்பது என் கருத்து.

அரிசி, கேழ்வரகு, கம்பு, பருப்பு எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ரவை, சேமியா, மைதா ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நுழைவதுதான் ஆபத்து: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு, மால்ட் பானத்தில் பார்லி, மில்லில் கோதுமைக்குப் பின் அரைத்த அரிசி மாவு. முத்திரை பெற, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு நுணுக்கம்.

சந்தேகம் வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

பத்தியத்தில் இருக்கும் பேரக்குழந்தைக்கு, "ஒரு வாய் கேக்குதானே" என்று ஊட்டுவது பாசமாகாது. வயிறு வலிக்காவிட்டாலும் குடல் புண்ணாகும். தாத்தா பாட்டிகள் நாம்தான் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.