கண்ணில் அடைத்தது கண்ணோடு போவதில்லை

ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரெனப் பார்வை மங்கினால், கண்ணாடியின் பவர் கூடிவிட்டது என்று நினைத்துக் கடைக்குப் போவது எளிது. விழித்திரையின் இரத்தக்குழாய் அடைத்திருந்தால் கண்ணாடி உதவாது. கண்ணுக்குள் ஊசி போட்டு வீக்கத்தை வடியவைத்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும், ஏனென்றால் நோயின் வேர் பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது. விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் ஒரே உறை சுற்றியிருக்கும். ஆண்டுக்கணக்கான இரத்தக் கொதிப்பில் தடித்துப்போன தமனி அங்கே சிரையை நெரிக்க, இரத்தம் தேங்கி உறைகிறது. தமனியே அடைபடுவது இன்னும் அவசரமானது. கழுத்துக் குழாயில் படிந்த கொழுப்போ இதயத்தில் உறைந்த இரத்தமோ பெயர்ந்து வந்து கண்ணில் சிக்கியிருக்கலாம். அதே துணுக்கு மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் விழித்திரை மையத் தமனி அடைப்பைப் பக்கவாதத்தின் ஒரு வகை என்றே அறிவித்தது.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 30 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு, 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் இனிப்பு நீர் 31.4 விழுக்காடு. இவ்வளவு பரவலான நோய்கள் கண் நோயாளியிடமும் இருப்பது தற்செயல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும், சிரை அடைத்தவர்களிடம் இரத்தக் கொதிப்பே கூடுதலாகத் தெரிகிறது. இனிப்பு நீரின் தொடர்பு அவ்வளவு உறுதியாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்யச் செலவு தாங்குமா என்பது அடுத்த மறுப்பு. தேவையில்லை. சிரை அடைத்த முதியவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, அவற்றோடு கண் அழுத்தம் பார்த்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். குடிமக்களுக்கு அரசு சுகாதார கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். இரத்தம் உறையும் கோளாறுகளைத் தேடுவது, இந்த நோய்கள் எதுவுமில்லாத இளவயதினருக்கு மட்டும் போதும். கொதிப்பைக் குறைத்தால் போன பார்வை திரும்பாது என்பதும் உண்மைதான். ஆனால் இன்னொரு கண் இருக்கிறது, இதயமும் மூளையும் இருக்கின்றன. ஆகவே ஊசி போடும் கண் மருத்துவர் சுகாதார கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் நாம் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கண்ணில் பார்வை சட்டென இருண்டால், சில நிமிடங்களில் திரும்பிவிட்டாலும், ஜொகூர் பாருவில் இருப்பவர் அன்றே சுல்தானா அமினா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் பாலம் கடப்பவரும் அன்றைக்கு விடுப்பு எடுக்கட்டும். தமனி அடைத்தபின் பக்கவாத அபாயம் மிகுவது முதல் சில வாரங்களில்தான்.