கரை மாறுவோர் கடமை

இறுதியாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு வினாவைக் கேட்பது நம் வழக்கம். "படிப்பு முடிந்தபின் எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்பதே அவ்வினா. முன்பெல்லாம் துபாய், சிங்கப்பூர் என விடை வரும். அங்கே உழைத்துப் பொருளீட்டித் தாம்பரத்திலோ சேலையூரிலோ வீடு கட்டுவது அவர்தம் நோக்கமாக இருக்கும். அண்மையில் புதியதொரு விடை வந்தது. "ஐயா, மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும். வேற்று நாட்டில் சிறிய கடற்கரையூர் ஒன்றில் குடியேறிவிடலாம். செலவு குறைவு, தொல்லையும் இல்லை" என்றார் ஒரு மாணவர். ஆசையில் தவறில்லை. ஆயின், "அவ்வூரில் என்ன மொழி பேசுவர்?" என்று நாம் கேட்டபோது அவர் விடையின்றி நின்றார்.

பிறர் ஊரில் குடியேறுவது நமக்குப் புதிதன்று. இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள பேருவளை, காலி, வெலிகம ஆகிய ஊர்களே இதற்குச் சான்று. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வணிகர்கள் அக்கரைக்குக் கலமேறினர். பலர் அங்கேயே வாழ்ந்து மண்ணுள் அடங்கினர். சந்தையில் சிங்களம் பேசினர். இல்லத்தில் தமிழ் பேசினர். மார்க்க நூல்களை அரபுத்தமிழில் ஓதினர். கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) போன்ற அறிஞர்கள் இரு கரைகளுக்கும் சென்று அறப்பணி புரிந்தனர். சிங்களம் பெரும்பான்மையாக வழங்கும் தென்னிலங்கையில் இன்றும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்வது அவ்வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும்.

அக்கரையில் வந்து இறங்கியோர் மொழியின் மதிப்பை அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லே சான்று பகர்கிறது. காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவியது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகளில் அமைந்தது. அதன் சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலையும் போற்றுகின்றன. பாரசீகப்பகுதி இஸ்லாமியர் நெறிப்படி இறைவனைப் போற்றுகிறது. அவர் பெரும்படையுடன் வந்தவர். அத்தீவில் போரும் புரிந்தவர். எனினும், அக்கரையில் வணிகம் செய்தோரின் மொழிகளில் பேசவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மொழி அறிந்துவிட்டால் இடர் வாராது என்று நாம் கூறவில்லை. 1915ஆம் ஆண்டு இலங்கையில் மூண்ட கலவரத்தில் வன்முறையாளரின் சீற்றம் முதலில் பாய்ந்தது, இந்தியாவிலிருந்து அண்மையில் வந்திருந்த கரையோர முஸ்லிம் வணிகர்கள் மீதே. பின்னர் அது, பல தலைமுறையாக வாழ்ந்தோரையும் விடவில்லை. அக்கொடுமைக்கு எந்நியாயமும் இல்லை. ஆனால், வந்தவர்க்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே கணக்கேடு மட்டுமே இருந்தால் அவ்வுறவு வலிமையற்றது என்பதை அது காட்டுகிறது.

அண்மை நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியபின் இரஷ்யரும் உக்ரேனியரும் பலர் இலங்கையில் நீண்டகாலம் தங்கினர். காலிக்கு அருகே உனவட்டுன என்னும் கடற்கரையூரில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெள்ளையர்க்கு மட்டும் என ஒரு விருந்து அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டது. போரால் நாடு நீங்கியோர்பால் நமக்கு இரக்கம் உண்டு. ஆயினும், வீட்டுக்காரரையே வாயிலில் நிறுத்தும் விருந்தினரை எவ்வூர் பொறுக்கும்?

கடல் கடந்துதான் இப்பிழையைக் காணவேண்டும் என்பதில்லை. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியே கோவளத்துக்குச் சென்று பாருங்கள். தமீம் அன்சாரி தர்காவுக்குச் செல்லும் நம்மவர்க்கு அவ்வூர் பழகிய ஊர். அது மீனவர் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நகரத்துச் செல்வர் விடுமுறை இல்லங்கள் எழுப்பியுள்ளனர். உயர்ந்த மதிற்சுவருக்குள் தங்கிக் கடலை நோக்கும் எத்தனை பேருக்கு, அடுத்த தெருவில் வலை உலர்த்துபவரின் பெயர் தெரியும்? அவரும் தமிழர், இவரும் தமிழர். ஒரே மொழி இருந்தும் பேச்சில்லை! தாம்பரத்தின் ஏரிக்கரைகளில் மனைவாங்கிக் குடியேறிய நாமும், இங்கு முன்பே பயிர்செய்து வாழ்ந்தோரைப் பற்றி விசாரித்ததுண்டா? இவ்வினா நம்மையும் சுடுகிறது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, செல்லுங்கள். ஆனால், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே அவ்வூர் மொழியின் அரிச்சுவடி ஒன்றையும் வாங்குங்கள். வாடகை மலிவு என்று மகிழுமுன், உங்கள் வரவால் அங்குள்ள ஏழைக்கு வாடகை ஏறுமோ என்று விசாரியுங்கள். அயலவரின் திருமணத்துக்கும் இறப்புக்கும் செல்லுங்கள். பெற்றோரும் பெரியோரும், "எவ்வளவு அனுப்பினாய்?" என்று கேட்பதோடு, "அங்கே யாரோடு பழகுகிறாய்?" என்றும் கேட்டல் வேண்டும்.

அடுத்த ஆண்டும் அதே வினாவைக் கேட்போம். ஊரின் பெயரோடு அவ்வூர் மொழியின் பெயரையும் சொல்லும் மாணவர் ஒருவரேனும் இருப்பாராயின், அதுவே எம் ஆசிரியப் பணிக்குக் கிடைத்த பரிசு எனக் கொள்வோம்.