இருபத்து நாலு குமாஸ்தா, ஒரே கையெழுத்து

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிபன் முடித்துப் பேப்பரை விரித்திருந்தேன். என் தங்கை மகள் தன் பையனை அழைத்துக்கொண்டு வந்தாள். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து ஒரு வங்கிக் கடன் விண்ணப்பத்தை எடுத்து டீபாய் மேல் வைத்தாள்.

"மாமா, ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும். மீதிப் பணத்துக்கு என் சங்கிலிய வெச்சுக்கறேன்."

பையன் திருவூடல் தெருவில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் தனி வருமானம். ஒரு காமிராமேன், ஓர் எடிட்டர், இரண்டும் அவனே. வீடியோவை வெட்டி ஒட்டும் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, டைம்லைனில் விட்டு விட்டு ஓடுகிறது, பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு நச்சரிக்கிறார்கள். எல்லாம் நியாயம். ஆனால் அவன் நீட்டிய கொட்டேஷனில் மொத்தம் ரூ. 4,85,000. சென்னை ரிச்சி தெருவில் ஏதோ ஒரு கடை கொடுத்தது. முதல் வரியில் ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ், 24 கோர்.

"புரொபஷனல்னா ஒர்க்ஸ்டேஷன்தான் தாத்தா. கடைக்காரரே சொல்றாரு. சாதா பிராசசர் எல்லாம் கேம் ஆடுற பசங்களுக்காம்."

இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குச் சண்டை. அந்தக் கடையோடு மட்டுமில்லை. இதையே வேதவாக்காக ஓதும் யூடியூப் தம்பிகளோடும்தான்.

உனக்கென்ன தெரியும் கிழவா என்று கேட்பீர்கள். என் பூர்வீகம் புதுச்சேரி. பள்ளிப்படிப்பு முழுக்கப் பிரெஞ்சு வழி. அங்கேயே அரசாங்க குமாஸ்தா. ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான இந்தத் திருவண்ணாமலைக்கு வந்தவன். அலுவலகத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, துணி போர்த்தி வைத்திருந்த அதை முதலில் தொட்டவன் நான்தான். அன்றிலிருந்து அந்தப் பைத்தியம் விடவில்லை. பிரெஞ்சுத் தளங்களில் சோதனை அறிக்கைகளைத் தேடிப் படிப்பேன். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு ஓர்தினாத்தர் என்று பெயர். 1955இல் ஐபிஎம் பிரான்சு கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். உலகத்தை ஒழுங்குபடுத்தி வைக்கும் கடவுளைக் குறிக்க முன்பே அந்த மொழியில் இருந்த வார்த்தை அது. கணக்குப் போடுவதைவிட, எதை முன்னால் வைப்பது எதைப் பின்னால் வைப்பது என்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஒர்க்ஸ்டேஷனுக்கும் அங்கே ஸ்தாசியோன் த் த்ரவாய் என்பார்கள். நம் ஊரில் ஸ்டேஷன் என்றால் ரயில் அல்லது போலீஸ். இரண்டிலும் காத்துக்கிடக்க வேண்டும்.

காத்துக்கிடப்பது பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு மார்ச் மாதக் கடைசி. 31ஆம் தேதிக்குள் பில் எல்லாம் கருவூலத்துக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு காலாவதி. எங்கள் பிரிவில் ஆறு குமாஸ்தா. போதாது என்று வேறு பிரிவுகளிலிருந்து பத்துப் பேரை அனுப்பினார்கள். நாற்காலி இல்லாமல் பாதிப் பேர் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து எழுதினார்கள். பில்கள் மளமளவென்று தயாராயின. தயாரான பில் எல்லாம் எங்கே போயிற்று? கையெழுத்துப் போடும் அதிகாரியின் மேசைக்கு. அவர் ஒருவர். ஒவ்வொரு பில்லையும் படித்துத்தான் போடுவார், நல்ல மனிதர். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் தலை, கோப்புகளுக்குப் பின்னால் தெரியவில்லை. பதினாறு குமாஸ்தாக்களும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

ஐபிஎம்மில் இருந்த ஜீன் அம்டால் 1967இல் இதைத்தான் கணக்காகச் சொன்னார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒரே ஆள் வரிசையாகச் செய்தாக வேண்டியது என்று வையுங்கள். 16 பேரைப் போட்டால் வேலை 6.4 மடங்கு வேகமாகும். 24 பேரைப் போட்டால் 7.3. 64 பேரைப் போட்டாலும் 8.8தான். உலகத்தில் உள்ள அத்தனை குமாஸ்தாவையும் கூட்டி வந்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. கையெழுத்து போடுகிறவரின் கை வேகம்தான் எல்லை. பிராசசரில் அந்தக் கை வேகத்துக்குப் பெயர் கிளாக். 24 கோர் த்ரெட்ரிப்பரின் உச்சம் 5.3 கிகாஹெர்ட்ஸ். 16 கோர் உள்ள சாதாரண மேசைப் பிராசசர் ரைசன் 9 9950எக்ஸின் உச்சம் 5.7. முன்னது அமெரிக்காவில் வெளியானபோது 1,499 டாலர். பின்னது 649. கேம் ஆடுகிற பையன்களுடையது என்று இளக்காரம் செய்தார்களே, அதன் கைதான் வேகமான கை.

பையனிடம் இதைச் சொன்னதும், "தாத்தா, இது ஆபீஸ் கிடையாது, வீடியோ" என்றான். சரி, ஸ்டுடியோவுக்கே போவோம் என்று செருப்பை மாட்டினேன்.

அவனுடைய பழைய எட்டு கோர் ரைசனில் ஒரு முகூர்த்தக் காட்சியைத் திறக்கச் சொன்னேன். கூடவே டாஸ்க் மேனேஜர். ஆடுகிற வீடியோவை நிலைப்படுத்தும் எஃபெக்டைப் போட்டான். எட்டுக் கட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் உச்சிக்குப் போய் நின்றன. மற்றவை சும்மா. இருக்கிற எட்டுப் பேருக்கே வேலை கொடுக்கத் தெரியாத மென்பொருளுக்கு இன்னும் பதினாறு பேரை எதற்குச் சம்பளம் போட்டு வைப்பது?

அடுத்து, அவன் நிஜமாகவே அவதிப்படுகிற இடம். எஃபெக்ட் எதுவும் இல்லாமல், காமிராவில் எடுத்தது எடுத்தபடி ஓட்டினாலே விட்டு விட்டு ஓடியது. காரணம் கோர் பற்றாக்குறை இல்லை. அவன் காமிரா 4கேயில், எச்.265இல், 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிகிறது. நிறத்தை அதிகமாகச் சேமித்து, இறுக்கமாக மடித்து வைக்கும் முறை. அதைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருந்தால் பிரிப்பது விளையாட்டு. இல்லாவிட்டால் பிராசசரின் பொதுக் கோர்கள் முட்டி மோதிப் பிரிக்க வேண்டும். அந்தத் தனிச் சுற்று இன்டெல்லின் மேசைப் பிராசசர்களில், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில், 11ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. த்ரெட்ரிப்பரில் உள் கிராபிக்ஸ் என்பதே கிடையாது. என்விடியா கார்டுகளில் இந்த வகை 50 வரிசையில்தான், அதாவது 2025இல்தான் வந்தது. கொட்டேஷனில் இருந்ததோ 40 வரிசைக் கார்டு.

எதிர்க் கடைத் தம்பியிடம் இன்டெல் 12ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்று இருந்தது. வாங்கி வந்து அதே காட்சியை ஓட்டினோம். தாலி கட்டும் இடம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பையன் ஒன்றும் பேசவில்லை. நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் கொட்டியிருந்தால், அவனை வதைக்கிற அந்த ஒரு வியாதிக்கு மட்டும் மருந்து இருந்திருக்காது. அந்தக் கடைக்காரர், என்ன காமிரா, எந்த வகையில் பதிகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டாரா? கேட்கவில்லையாம். பட்ஜெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டாராம்.

இன்னொன்று. இந்த ஊரில் ரேம் பழுதானால் தேரடித் தெருவுக்குப் போய் அரை மணியில் வேறு மாட்டிக்கொள்ளலாம். த்ரெட்ரிப்பர் 7000 வரிசைக்கு அது நடக்காது. அதற்கு ஆர்டிம் என்கிற சர்வர் வகை ரேம்தான் பொருந்தும். சாதாரணப் பட்டையை அதில் சொருகவே முடியாது. கடன் வாங்கி மாட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு நடுவில் ஒரு பட்டை போனால், சென்னையிலிருந்து வரும்வரை பெண் வீட்டாருக்கு என்ன பதில்? மின்சாரமும் அப்படியே. அந்தப் பிராசசருக்குக் குறிக்கப்பட்ட சக்தி மட்டும் 350 வாட். கிராபிக்ஸ் கார்டு தனி. அவன் கடையில் இருப்பது 850 விஏ இன்வெர்ட்டர். சித்திரை வெயிலில் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் நான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"நாளைக்கு அப்கிரேட் பண்ணிக்கலாம்ல" என்ற சமாதானத்துக்கும் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது. 2017இல் த்ரெட்ரிப்பர் வாங்கியவர்களின் போர்டில் 2019இல் வந்த மூன்றாம் தலைமுறை உட்காராது. 2019இல் புதுப் போர்டு வாங்கியவர்களுக்கு அந்த ஒரு தலைமுறையோடு கதை முடிந்தது. அடுத்தது ப்ரோ வகையாக வேறு போர்டில் போய்விட்டது. அதே கம்பெனியின் ஏஎம்4 என்ற சாதா சாக்கெட்டோ, 2017இல் ரைசன் வந்த நாளிலிருந்து 2022ஐத் தாண்டியும் புதுப் புதுப் பிராசசர்களை ஏற்றுக்கொண்டது. இப்போதைய டிஆர்எக்ஸ்50 போர்டு இரண்டு தலைமுறையை ஏற்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதிகம் கொடுத்தவனையே முதலில் கழற்றிவிட்ட பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.

ஒர்க்ஸ்டேஷன் பிராசசரே வீண் என்று நான் சொன்னதாக யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2020இல் 32 கோர் த்ரெட்ரிப்பருக்கு மாறினார். அவர் வேலை, ஒன்றுக்கொன்று காத்திருக்கத் தேவையில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகளை ஓயாமல் கம்பைல் செய்வது. அவரிடம் பதினாறு பேருக்குப் பதில் முப்பத்திரண்டு பேர் இருந்தால் அத்தனை பேருக்கும் வேலை இருக்கும். மூன்று நாலு கிராபிக்ஸ் கார்டு மாட்டுகிறவர், 512 ஜிபி ரேம் கேட்கும் ஆய்வுக்காரர், சினிமாவுக்கு விஎஃப்எக்ஸ் செய்யும் கம்பெனி, எல்லோருக்கும் அது தேவை. ஒரு கார்டுக்கு 16 பாதை, ஓர் எஸ்எஸ்டிக்கு 4 பாதை, ஆக 20 என்று முடிந்துவிடும் நம் பையனுக்கு அந்த விரிந்த ராஜபாட்டை எதற்கு?

ஆனால் அந்த உயர்ந்த ஜாதி இயந்திரத்தில் ஒன்றே ஒன்றின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஈசிசி ரேம். நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் கண்டுபிடித்துத் திருத்தும் வகை. 2003இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்கு அதிகமாக விழுந்தது. அவருக்கு விழவே முடியாத எண்ணிக்கையாக இருந்ததால்தான் பிடிபட்டது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 4096. ஒரே ஒரு பிட் புரண்டதன் அடையாளம் அது. வேறு பிழை அகப்படாததால், வானத்திலிருந்து வந்த ஏதோ துகள் அடித்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். கூகுளின் சர்வர்களை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஓராண்டில் நூற்றுக்கு எட்டு ரேம் பட்டைகளுக்கு மேல் பிழை கண்டதாக அதில் இருந்தது. டோர்வால்ட்ஸுக்கே 2022 அக்டோபரில் ரேம் கோளாறாகி வேலை தடுமாறியது. கொரோனா நேரத்தில் ஈசிசி கிடைக்காமல் அவர் சாதா ரேம் போட்டிருந்தார்.

கணக்குப் புத்தகத்தில் கூட்டல் தப்பினால் எச்சரிக்கும் இந்த அடிப்படை நேர்மையை, பணக்கார இயந்திரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தது யார்? இன்டெல் பல வருஷம் மேசைப் பிராசசர்களில் அதை அடைத்தே வைத்திருந்தது. 2021 ஜனவரியில் டோர்வால்ட்ஸ் அதற்காக அவர்களைத் திட்டித் தீர்த்தார். இப்போதும் அவர்கள் மேசைப் பிராசசரில் ஈசிசி வேண்டுமானால் டபிள்யூ680, டபிள்யூ880 என்று தனி வகைப் போர்டு தேட வேண்டும். சாதா ரைசனிலோ, போர்டு செய்கிறவர் மனம் வைத்தால் வேலை செய்யும். குமாஸ்தா எத்தனை பேர் என்று தம்பட்டம் அடிக்கிறவர்கள், சரிபார்க்கிறவர் உண்டா என்பதை விளம்பரத்தில் போடுவதே இல்லை. கோபம் வருமா வராதா?

என் அப்பா பிரெஞ்சில் எழுதிய கடிதங்களை நான் ஸ்கேன் செய்து வைத்துவருகிறேன். முந்நூறுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்காக ஒரு ரைசன் 5, ஈசிசியை ஏற்கும் போர்டு ஒன்று. ரேமுக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். பையனுக்கு அதை வற்புறுத்தவில்லை. கல்யாண வீடியோவில் ஒரு பிட் புரண்டால் மாப்பிள்ளை வேட்டியில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான்.

கடைசியில் அவன் வாங்கியது இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே. சாதா பிராசசர். 64 ஜிபி ரேம், 50 வரிசையில் ஒரு நடுத்தரக் கார்டு. மொத்தம் ரூ. 1,95,000. இன்டெல்லும் கோயில் தீர்த்தம் இல்லை. 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் கெட்டுப்போய் 2024இல் வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டிக்கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தேன். கடன் விண்ணப்பத்தை ஒன்றரை லட்சத்துக்கு மாற்றி எழுதச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்துப் போட்டேன். மீதி அவன் சேமிப்பு.

ஆவணியில் ஒரு கல்யாணத்தில் என் தங்கை மகளைப் பார்த்தேன். சங்கிலி கழுத்தில் இருந்தது. பையன் மணமேடைக்குப் பக்கத்தில் காமிராவோடு நின்றுகொண்டு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒர்க்ஸ்டேஷன்தான் பிரதர் வாங்க வேண்டியது. எங்க தாத்தா கஞ்சம்."