கொடுக்கும் பூ

எந்த நிகழ்ச்சிக்கு எந்தப் பூவைக் கொடுத்தல் தகும் என்று என்னிடம் வந்து வினவுவோர் பலர். பண்டிதர் என்றால் பூவுக்கும் ஓர் இலக்கணம் வைத்திருப்பார் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் முழுவதும் பிழையன்று. புறப்பொருள் இலக்கணம் பயின்றவனுக்கு வெட்சி நிரை கவர்தற்கும், கரந்தை அதனை மீட்டற்கும், தும்பை எதிர்நின்று பொருதற்கும், வாகை வென்றமைக்கும் உரியன என்பது இளமையிலேயே மனத்திற் பதிந்துவிடும். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. களத்துப் புழுதியிலே இவன் எவனுடைய படையைச் சேர்ந்தவன் என்பதைத் தலையிற் சூடிய பூவே சொல்லிற்று. கபிலரோ குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவற்றுட் பத்தினை மரத்திற் காட்டவல்ல மாணவன் இன்று என் வகுப்பில் இல்லை. ஆசிரியன் நிலையும் அதனிலும் மிக உயர்ந்ததன்று.

ஆயினும் இவையெல்லாம் சூடும் பூவின் இலக்கணம். கொடுக்கும் பூவின் இலக்கணம் வேறு. குறுந்தொகையின் முதற் பாட்டை நினைத்துப் பாருங்கள். திப்புத்தோளார் பாடியது. தலைவன் செங்காந்தளைக் கையுறையாகக் கொண்டு வந்து நிற்கின்றான். தோழி அதனை வாங்கவில்லை. முருகனுக்குரிய தங்கள் மலையிலே அந்தப் பூவுக்குக் குறைவில்லை என்று நயமாகச் சொல்லிவிடுகின்றாள். அவள் கூற்றில் வேறு குறிப்பு மறைந்து கிடப்பதாகக் கொள்வாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. பூவிலே குற்றமில்லை. யாருக்குக் கொடுக்கின்றோம், அவருடைய இடம் எது, அவரிடம் ஏற்கெனவே உள்ளது எது என்று எண்ணாமற் கொண்டுவந்தமையே குற்றம். நமது கார்த்திகைப்பூதான் அந்தக் காந்தள். மழைக்காலத்தில் வேலியெங்கும் படர்ந்து பூத்திருக்கும் ஊரிலே அதையே பறித்துக்கொண்டு ஒருவர் வீட்டு வாயிலிற் போய் நின்றால் எப்படி இருக்கும்?

பாணனுக்குப் பொற்றாமரை கொடுத்த வள்ளல்கள் இதனை உணர்ந்தவர்கள். வறுமையுற்றவன் கையில் வாடும் பூவைக் கொடுத்து அனுப்புதல் பரிசிலாகுமா? பொன்னாற் செய்த பூ அவன் தலைக்கு அழகு, அடுப்புக்கும் உணவு.

வழிபாட்டுக்குரிய பூக்களைப் பற்றி நம்மவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சிவபெருமானுக்குக் கொன்றையும் தும்பையும் உகந்தன, தாழம்பூ ஆகாது. பிள்ளையாருக்கு எருக்கலை. மோந்த பூவும் பழம்பூவும் தாமே உதிர்ந்த பூவும் விலக்கப்பட்டன. விகாரைக்குத் தாமரையும் அலரியும் ஏந்திச் செல்லும் சிங்கள மக்களும் படைக்குமுன் பூவை மோந்து பாரார். கொள்பவருக்கென்று வைத்த மணத்தைக் கொடுப்பவன் முதலிலே நுகரலாகாது என்னும் நுட்பம் இரு சமயத்தாரிடத்தும் ஒன்றாகவே இருத்தல் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பிற நாட்டார்க்கும் முறைகள் உண்டு. பிரான்சு நாட்டிலே நவம்பர் முதலாந் தேதியை அடுத்துக் கல்லறைகளிற் செவ்வந்தி வைப்பர். ஆதலால் விருந்துக்குச் செல்பவர் அப்பூவைக் கொண்டு செல்லார். நாமோ அதே செவ்வந்தியை மணவறையிலே தொங்கவிடுகிறோம். உருசியாவிலே மகிழ்ச்சிக்கு ஒற்றைப்படை எண்ணிலும் இறந்தோர்க்கு இரட்டைப்படை எண்ணிலும் பூக்கொடுப்பர். எனவே பூவின் பொருள் பூவிலே இல்லை; அதனை வழங்கும் மக்கள் உள்ளத்திலே இருக்கின்றது. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வீட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அயலவர்க்குப் பூக் கொடுக்குமுன் அவ்வூர் வழக்கைக் கேட்டறிதல் நன்று.

பிளாஸ்ரிக் மாலையைப் பற்றி ஒரு சொல். பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினருக்குப் போட்ட மாலையை விழா முடிந்ததும் கழற்றி, தூசி தட்டி, அலுமாரியிலே பூட்டி வைத்து, அடுத்த ஆண்டு வேறொருவர் கழுத்திற் போடுவதை நான் கண்டிருக்கின்றேன். வாடாத பூ என்று அதற்கு நியாயம் கூறினர். பாணன் பெற்ற பொற்றாமரையும் வாடாததுதான். அதனை எவரும் அவனிடமிருந்து திரும்ப வாங்கிப் பூட்டி வைத்ததாகப் பாட்டில் இல்லை.

இவ்வளவும் எழுதியது வேறொன்றை எழுதுதற்குத் தயங்கியே. 2012ஆம் ஆண்டு, யான் அப்பொழுது கற்பித்த பாடசாலையில் ஆசிரியர் தினம். மாணவத் தலைவர் இருவர் என்னிடம் வந்தனர். ஆசிரியர்க்கு ரோசாப்பூ, ஆசிரியைகளுக்கு மல்லிகைச் சரம் என்று முடிவு செய்திருந்தனர். கையிலே பெயர்ப்பட்டியல். ஒரு பெயரின்மேல் விரலை வைத்து, “ஐயா, கணக்கு ரீச்சருக்கும் மல்லிகை குடுக்கலாமோ?” என்று கேட்டனர். அவ்வம்மையார் 2009இலே வன்னியிற் கணவரை இழந்தவர். நான் அதிகம் யோசிக்கவில்லை. “வேண்டாம். அவவுக்கு வேறை ஏதும் குடுங்கோ” என்றேன். உசிதம் சொல்லிவிட்டேன் என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

விழாவிலே பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. ஆசிரியைகள் சரத்தை வாங்கித் தலையிற் சூடிக்கொண்டு அமர்ந்தனர். அவருடைய முறை வந்தபோது ஒரு பேனாப் பெட்டியைக் கொடுத்தனர். இன்முகத்துடனேயே வாங்கினார். திரும்பும்போது வரிசையிலிருந்த தலைகளை ஒருமுறை பார்த்தார். விருந்தினர் முகத்துக்கு அனிச்சத்தை வள்ளுவர் ஏன் உவமித்தார் என்பதை முப்பது ஆண்டாகக் கற்பித்த எனக்கு, அன்றுதான் அக்குறள் விளங்கிற்று. அவர் அந்தப் பேனாவினால் எழுதியதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

கைம்மை நோன்பு புறநானூற்றிலும் உண்டே என்று என் நெஞ்சுக்கு நானே சமாதானம் கூறினேன். உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நூலின் 242ஆம் பாட்டைப் பாருங்கள். ஒல்லையூர்ச் சாத்தன் மாண்டபின் குடவாயிற் கீரத்தனார் முல்லையை நோக்கிப் பாடியது. அங்கே பூவை விலக்கியவள் ஒருத்தியல்லள். இளைஞர் சூடவில்லை, வளையணிந்த மகளிர் பறிக்கவில்லை, பாணனும் பாடினியும் அணியவில்லை. இழப்பு நாட்டினுடையது, நோன்பும் நாட்டினுடையது. நாமோ, ஊரெல்லாம் பூச்சூடி வீற்றிருந்துகொண்டு, இழந்தவளை மாத்திரம் வரிசையிலிருந்து வேறாக்கி நிறுத்துகின்றோம். இதற்குச் சங்கச் சான்றோரைச் சாட்சிக்கு அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

அவருக்கே விருப்பமில்லையாயின் என் செய்வது என்று கேட்பீர்கள். மறுக்கட்டும். கையுறையை மறுக்கும் உரிமையைக் குறுந்தொகை கொள்ளும் பக்கத்துக்கே வைத்தது. கொடுக்க வந்தவன் தானே முந்திக்கொண்டு அவருக்காக மறுத்துவிடும் துறை எந்த நூலிலும் இல்லை. நான் அன்று செய்தது அதுதான்.

அவ்வம்மையார் இப்பொழுது ஓய்வு பெற்று ஊரிலே இருக்கின்றார். வீட்டு முற்றத்தில் நந்தியாவட்டையும் மல்லிகையும் நிற்கின்றன. விடியலிற் கொய்து, தாமே மாலை கட்டிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுக்கின்றார். பூசை முடிந்ததும் குருக்கள் அம்மல்லிகையைக் கிள்ளி வந்திருக்கும் பெண்களுக்குக் கொடுக்க, அவர்கள் கண்ணில் ஒற்றிக் கூந்தலிற் செருகிக்கொள்கின்றனர். கட்டிய கையை எவரும் விலக்கவில்லை.

சென்ற ஆசிரியர் தினத்துக்கு முன்னும் மாணவர் சிலர் வழக்கம்போலப் பட்டியலுடன் வந்தனர். பட்டியலைச் சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். வாசலில் ஒரு தட்டத்திலே மல்லிகையும் ரோசாவும் வையுங்கள். வருபவர் எவராயினும் தட்டத்தை நீட்டுங்கள். எடுப்பது அவர் விருப்பம் என்றேன். அவர்களுள் ஒருவன், மல்லிகை எத்தனை முழம் வாங்க வேண்டும் என்று கேட்டான். ஆசிரியைகள் அனைவரையும் எண்ணி வாங்கு என்றேன்.