தலையெழுத்தைப் படித்தவர் யார்?

நம் மக்கள் எந்தக் கஷ்டம் வந்தாலும் "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்து விடுகின்றார்கள். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டு ஓரத்திலும், ராயபுரத்துக் கடலோரத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும், விடாத இருமல் கண்டவனுக்குப் பல வீடுகளில் முதலில் கிடைப்பது மருந்தல்ல, இந்த வார்த்தைதான். பிறகு மந்திரிப்பு, பிறகு வேண்டுதல், கடைசியில்தான் ஆஸ்பத்திரி.

நாம் கேட்கின்றோம்: பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் அந்த எழுத்தை இதுவரையில் படித்தவர் யார்? அது எந்தப் பாஷை? எத்தனை எழுத்து? செத்தவனுடைய மண்டையோட்டில் எலும்புகள் சேரும் கோணல் கோடுகள் தெரிகின்றனவே தவிர, எழுத்தொன்றையும் காணோம்.

ஆனால், மனித சரீரத்தில் எழுத்தே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கின்றது. அது நெற்றியில் இல்லை. சரீரத்தின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருக்கின்றது. மொத்தம் நாலே எழுத்து. அதைப் படிக்கும் வகையையும் மனிதன் கண்டுபிடித்து விட்டான்.

அச்சாபீசைப் பார்த்திருக்கின்ற தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மூலப் பிரதியைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதன் நகலை மாத்திரம் அச்சுக் கோப்பவரிடம் கொடுக்கின்றோம். அவர் நகலைப் படித்துப் படித்து எழுத்தை வரிசையாகக் கோக்கின்றார். நம் உயிரணுவிலும் அப்படியே. டி.என்.ஏ. என்பது மூலப் பிரதி, ஆர்.என்.ஏ. என்பது நகல், ரிபோசோம் என்பது அச்சுக் கோப்பவர். அது நகலை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலமாகக் கோத்துப் புரதத்தை உண்டாக்குகின்றது. தசையும், இரத்தத்தின் சிவப்பும், சோற்றைச் செரிக்கும் நொதியும் புரதமே. எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமிலம் என்று கண்டறிந்ததற்காக 1968இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. இந்த அட்டவணை புரோகிதருக்கும், தோட்டிக்கும், மாட்டுக்கும், புல்லுக்கும், காசநோய்க் கிருமிக்கும் ஒன்றுதான். முகத்தில் பிறந்தவனுக்கு ஒரு எழுத்து, காலில் பிறந்தவனுக்கு வேறு எழுத்து என்று எங்கும் காணவில்லை.

இதனால் வைத்தியத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அதுதான் முக்கியம். கிருமியின் ரிபோசோம் நம்முடையதைவிட அமைப்பில் கொஞ்சம் வேறுபட்டது. 1943இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், கிருமியின் அச்சுக் கோப்பவரைப் பிடித்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் படிக்கச் செய்கின்றது. அச்சு முழுதும் பிழையானால் பத்திரிகை எப்படி நடக்கும்? கிருமி சாகின்றது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினும் ரிபோசோமைத் தாக்கும் மருந்துதான். பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு 2024இல் இந்திய சர்க்கார் ஒப்புக்கொண்ட ஆறு மாத முறையில் உள்ள லினிசோலிடும் அப்படியே.

இந்த ரிபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர், 1952இல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பிறகும், உயிரியலை முதலிலிருந்து படிக்க மறுபடியும் மாணவராய்ச் சேர்ந்தவர். ஸ்ட்ரெப்டோமைசின் ரிபோசோமில் எந்த இடத்தில் போய் உட்காருகின்றது என்பதை இவர் கூட்டத்தார் 2000இல் வெளியிட்டார்கள். 2009இல் அடா யோனத், தாமஸ் ஸ்டைட்ஸ் என்பவர்களோடு நோபல் பரிசு பெற்றார். இவர் பின்னால் தலைமை வகித்த லண்டன் ராயல் சொசைட்டியின் கொள்கை வாக்கியமே, யாருடைய வாக்கையும் அப்படியே ஏற்காதே என்பதாகும். ஜோசியத்தால் பயனில்லை என்று இவர் பகிரங்கமாய்ச் சொன்னவர். நோபல் பரிசு வந்தவுடன் "நம்மவர்" என்று கொண்டாடியவர்களில் எத்தனை பேர் வீட்டு ஜாதகக் கட்டைத் தூக்கி எறிந்தார்கள்?

இனி ஒரு வைதிகத் தோழர், "மருந்து வேலை செய்வதும் கடவுள் செயல்தானே?" என்று கேட்கக்கூடும். அப்படியானால் கிருமி மருந்துக்கு மசியாமற் போவது யார் செயல்? 1940களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, சில மாதங்களில் பலருடைய கிருமிகள் அதற்கு அடங்காமற் போயின. காரணம், கிருமியின் எழுத்தில் தற்செயலாய் நேரும் ஒரு மாறுதல். அந்த மாறுதல் உள்ளது பிழைத்துப் பெருகுகின்றது. இதற்கு மனிதன் கண்ட பரிகாரம் யாகமல்ல. பல மருந்துகளைச் சேர்த்து, குறித்த காலம் முழுதும் கொடுப்பதுதான்.

உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கின்றார்கள். மருந்தோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். அப்படியிருக்க, இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியதும், கூலி வேலை கெடுகின்றதென்றோ, சாமி காப்பாற்றி விட்டதென்றோ மருந்தை நிறுத்துகின்றவன், தன் கிருமிக்குத் தானே பயிற்சி கொடுக்கின்றான். பிறகு அந்தக் கிருமியைப் பெண்டு பிள்ளைகளுக்கும் பங்கு வைக்கின்றான். வைரஸ் காய்ச்சலுக்குக் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு விழுங்குவதும் வீண். வைரசுக்குச் சொந்த ரிபோசோமே கிடையாது. நம்முடையதையே திருடி வேலை வாங்குகின்றது. அந்தத் திருட்டு வித்தையையே மனிதன் திருப்பிக்கொண்டான். கொரோனா காலத்தில் நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, அந்த வைரசின் ஒரு புரதத்துக்குரிய எழுத்தை மாத்திரம் நம் உயிரணுவுக்குள் அனுப்பி, நம் ரிபோசோமைக் கொண்டே அதைச் செய்வித்து, உடம்புக்கு எதிரியின் அடையாளத்தைக் காட்டிக் கொடுத்தது.

ஆகவே தோழர்களே, படிக்க முடியாத தலையெழுத்தை நம்பி உயிரை விடுவதா, படித்தறிந்த எழுத்தைக்கொண்டு பிழைப்பதா என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகின்றவர் இருந்தால், அவரைக் கோவிலுக்கல்ல, சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஆறு மாத மருந்தை ஆறு மாதமும் சாப்பிடும்படி செய்யுங்கள். அதுவே நீங்கள் செய்யக்கூடிய பெரிய பிரசாரமாகும்.