பெற்றோர் பக்கம்: வடாம் காய்ந்த கணக்கு



சென்ற மே மாதத்தில் எங்கள் டில்லி வீட்டு மாடியில் வடாம் பிழிந்து உலர்த்தியிருந்தோம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகன் காக்கைக்குக் காவலாக அமர்ந்திருந்தான். ஆவியாதல் என்றால் யாது என்று வினவினால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்புவிப்பான். பரீட்சைக்காக அவ்விதம் உருப்போட வைத்தவன் நானே.

சென்னையிலிருந்து வந்திருந்த என் தாயார், "ஊரிலே இரண்டு நாள் காய்கிற வடாம் இங்கே ஒரே பகலில் சருகாகிவிட்டதே, ஏன் கண்ணா?" என்றார். பையன் விழித்தான். "அது எங்கள் புத்தகத்தில் இல்லை, பாட்டி" என்றான்.

பாட்டிக்குப் பொருள் தெரியும், பெயர் தெரியாது. பேரனுக்குப் பெயர் தெரியும், பொருள் தெரியாது. நம் ஆரம்பப் பள்ளிகளின் விஞ்ஞான போதனையிலுள்ள பெருங்குறை இவ்விடைவெளியன்றோ?

குழந்தை கண்டும் கேட்டும் செய்தும் கற்க வேண்டும் என்றே 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் கூறுகிறது. அதற்கும் முன்பே, இன்று நர்மதாபுரம் எனப்படும் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இம்முறை தொடங்கிற்று. மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்து, கண்டதை எழுதினர். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

பள்ளிகள் மாறும்வரை நம் குழந்தைகள் காத்திருக்க முடியுமா? மதிப்பெண்ணை மட்டுமே கேட்கும் நாமும் இக்குறைக்குப் பங்காளிகளே.

அன்று மாலையே ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து மகனிடம் கொடுத்தேன். ஒன்றை விரித்தும் மற்றொன்றை மடித்தும் கொடியில் இட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தான். விரித்தது முந்திக் காய்ந்தது. "ஊரிலே கடற்காற்று உடம்பெல்லாம் பிசுபிசுக்குமே" என்றார் பாட்டி. சற்று யோசித்த பையன், "அந்தக் காற்று முன்பே ஈரமாக இருக்கிறது. அதனால்தான் வடாத்தின் ஈரத்தை மெதுவாக வாங்கிக்கொள்கிறது!" என்றான்.

ஜூலையில் டில்லியில் மழைக்காலம் தொடங்கியதும், ஒருவரும் சொல்லாமலே, கைக்குட்டையை மீண்டும் விரித்துப் போட்டு நேரம் பார்த்தான். மே மாதத்தைவிட நெடுநேரம் ஆயிற்று. தன் ஊகம் மெய்யானதைக் கண்ட அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எந்த மதிப்பெண் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

ஊர் விட்டு வந்த நமக்கு இரண்டு ஊர்களின் வெயிலும் காற்றும் தெரியும். அவற்றை ஒப்பிட்டு வினவ வீட்டிலே தாய்மொழியும் உண்டு. இந்த மாதம் உங்கள் குழந்தையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.