மாநிற முகமும் நடுத்தரச் சாம்பலும்



நம் ஆலயத்தில் ஒரு திருமணம் நடந்தால் இன்று அதைப் படமெடுப்போர் பலர். ஸ்டுடியோவிலிருந்து வருகிறவர் ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், இவர்களைத் தவிரப் புதிதாகக் கேமரா வாங்கிய நம் வாலிபர்கள் சிலர். கையில் இருப்பது விலையுயர்ந்த கருவி. ஆயினும் அதன் மேற்புறத்தில் உள்ள சக்கரம் பெரும்பாலும் ‘ஆட்டோ’ என்ற இடத்திலேயே நிற்கிறது. அந்தச் சக்கரத்தை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இந்த வாரம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். இதைத் தொழில்நுட்ப ஆலோசனை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நம்முடைய முகங்கள் நம் பிள்ளைகளின் கண்களில் எந்த நிறத்தோடு நிலைத்து நிற்கும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

முதலாவது, ஒரு படத்திற்கு வேண்டிய ஒளியின் அளவை எவை தீர்மானிக்கின்றன என்று பார்ப்போம். அவை மூன்றே. லென்ஸின் உள்ளே விரிந்து சுருங்கும் துளை ஒன்று. அதை அப்பெர்ச்சர் என்கிறோம். அந்தத் துளையின் வழியே ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வரலாம் என்று கட்டுப்படுத்தும் ஷட்டர் இரண்டாவது. உள்ளே வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் மூன்றாவது.

துளையின் எண்களைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். எஃப்/2 என்பது பெரிய துளை, எஃப்/16 என்பது சிறிய துளை. எண் சிறிதானால் துளை பெரிதாவது ஏன்? அந்த எண் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் 25 மில்லிமீட்டர். எஃப்/16 என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அதைப் ‘படி’ என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் அறிந்தோர் ‘ஸ்டாப்’ என்பர். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு. ஒரு படி இறங்கினால் பாதி. எஃப்/4-இலிருந்து எஃப்/2.8-க்குத் திறந்தால் ஒரு படி கூடுகிறது. ஷட்டரை 1/125 நொடியிலிருந்து 1/250 நொடிக்கு மாற்றினால் ஒரு படி குறைகிறது. ஆகவே எஃப்/4, 1/125 என்பதும் எஃப்/2.8, 1/250 என்பதும் ஒரே அளவு ஒளியையே தருகின்றன. ஆனால் படம் ஒன்றாயிராது. துளை பெரிதானால் பின்னணி மங்கும். ஷட்டர் வேகம் கூடினால் அசைவு உறைந்து நிற்கும். ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினாலோ படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றும். எதை விட்டு எதைப் பெறுவது என்பதைத் தீர்மானிப்பதே ‘எம்’ என்ற எழுத்தின் பொருள். ஆட்டோவில் அந்தத் தீர்மானத்தைக் கருவி எடுக்கிறது.

கருவி எடுத்தால் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். அது எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, மணமகளின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. அவள்மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. காட்சி முழுவதையும் சராசரியாக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற அனுமானத்தின்மேல் அது கட்டப்பட்டிருக்கிறது. சோதித்துப் பாருங்கள். வெள்ளைச் சுவர் ஒன்றை, வேறெதுவும் தெரியாதபடி நெருங்கி நின்று ஆட்டோவில் எடுங்கள். சுவர் சாம்பலாக வரும். கறுப்புத் துணி ஒன்றை அதேபோல் எடுங்கள். அதுவும் வெளிறிச் சாம்பலாகவே வரும்.

இப்பொழுது நம் மணமேடைக்கு வாருங்கள். மணமகள் வெள்ளைப் புடவை உடுத்தி, தலையில் வெள்ளை வலை அணிந்து நிற்கிறாள். மணமகன் கறுப்புக் கோட்டில் நிற்கிறான். இருவரும் மாநிறத்தவர், ஒரே சன்னலின் வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுகிறது. மணமகளைத் தனியே எடுக்கும்போது படச்சட்டத்தின் பெரும்பகுதியை வெள்ளை நிரப்புகிறது. கருவி அதைச் சாம்பலாக்க முனைந்து ஒளியைக் குறைக்கிறது. அது இரண்டு படி குறைத்தால் அவள் முகத்திற்குச் சேர வேண்டிய ஒளியில் நாலில் ஒரு பங்கே சேரும். முகம் இருண்டு போகிறது. மணமகனை எடுக்கும்போது கறுப்புக் கோட்டு சட்டத்தை நிரப்புகிறது. கருவி ஒளியைக் கூட்டுகிறது. அவன் முகம் வெளிறிப் போகிறது. ஒரே வெளிச்சத்தில் நின்ற ஒரே நிறத்தவர் இருவர், ஆல்பத்தில் இரண்டு நிறத்தவராகிவிட்டார்கள். ஒளி மாறவில்லை, அவர்களும் மாறவில்லை, உடை மட்டுமே மாறியது.

கையால் அளவை நிறுத்தினால் இது நிகழாது. அந்தச் சன்னல் வெளிச்சத்திற்கு ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/125 நொடி சரியென்று ஒருமுறை கண்டுகொண்டால், வெளிச்சம் மாறாதவரை வெள்ளைப் புடவைக்கும் கறுப்புக் கோட்டுக்கும் அதே அளவுதான். முகம் எல்லாப் படங்களிலும் தன் நிறத்திலேயே இருக்கும். என் வேண்டுகோளின் மையக் காரணம் இதுவே.

பிரியமானவர்களே, நடுத்தரம் எது என்று தீர்மானித்தவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து, அடிமைத்தனத்திற்கு எதிராக முழங்கிய பிரெடெரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் மிக அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்டவர். ஏறத்தாழ 160 வெவ்வேறு படங்கள் அறியப்பட்டுள்ளன. வெள்ளை ஓவியர்கள் கறுப்பு முகங்களைக் கேலிச்சித்திரமாக்குகிறார்கள், கேமராவோ உள்ளதை உள்ளபடி காட்டும் என்று அவர் நம்பினார். 1861இல் பாஸ்டன் நகரில் படங்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

அவர் வைத்த நம்பிக்கைக்குப் பின்வந்த வண்ணப்படத் தொழில் உண்மையாய் இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதே விதி. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற பள்ளிப் படங்களில் கறுப்பு முகங்களில் கண்ணும் பல்லும் மாத்திரம் தெரிந்தன, தாய்மார் வருந்தினார்கள். பின்னர் கோடாக் பழுப்பு நிறங்களின் நுண்மையைச் சீராக்கியது. அதற்கு ஒரு தூண்டுதல், மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் பொருள்களின் நிற வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று எழுப்பிய முறையீடு என்று அந்நிறுவனத்தில் பணிபுரிந்தவர்களே பிற்காலத்தில் கூறினார்கள். மனித முகத்துக்குக் கிடைக்காத செவிசாய்ப்பு சாக்லேட்டுக்குக் கிடைத்தது.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கூகுள் நிறுவனம் கருமை நிறத் தோலைச் சரியாகக் காட்டும் முயற்சிக்கு ‘ரியல் டோன்’ என்று பெயரிட்டுத் தன் கைபேசியில் வெளியிட்டது 2021இல்தான். அந்த முயற்சியை வரவேற்கிறேன். முகத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப அளக்கும் கேமராக்களும் இன்று உண்டு. ஆயினும், எது சரியான நிறம் என்பதை எங்கோ ஒரு நிறுவனம் நமக்காகத் தீர்மானிக்கும் நிலைமை அப்படியே இருக்கிறது. எதிரே நிற்கும் மனிதரைக் கண்ணால் காண்கிறவர் நீங்கள். கருவி அவரைக் கண்டதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று அறிவேன்.

திருமணம் வேகமாக நடக்கிறது, எண்களைத் திருப்பிக்கொண்டிருந்தால் தாலி கட்டும் நொடி தவறிவிடும் என்பது முதலாவது. இது நியாயமான அச்சம். மணமக்கள் வெளியே வெயிலிலிருந்து உள்ளே நிழலுக்கு நடந்து வரும்போது ஆட்டோவைப் பயன்படுத்துவது புத்தியே. ஆனால் அவர்கள் பீடத்தின் முன்னே நின்றபின் வெளிச்சம் எவ்வளவு மாறப்போகிறது? அங்கே அளவை முன்கூட்டியே நிறுத்தி வைப்பவருக்கு வேலை குறைவு. அதுவும் இயலாதவர், கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை அறிந்துகொள்ளட்டும். வெள்ளைப் புடவை சட்டத்தை நிரப்பும்போது ஒரு படி கூட்டுவதும், கறுப்புக் கோட்டு நிரப்பும்போது ஒரு படி குறைப்பதும் ‘எம்’ என்ற எழுத்துக்குப் போகாமலேயே, ‘பி’ போன்ற பாதித் தானியங்கி நிலைகளில் செய்யக்கூடியவை; முழு ‘ஆட்டோ’வில் பல கேமராக்கள் இதை அனுமதிப்பதில்லை.

மக்களே வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இது உண்மை, இதில் படமெடுப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது அவருடைய பிழைப்பு. கேட்பவர்கள் நாம். பெண் ‘நல்ல கலர்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சிவந்த தோலுக்கு மாத்திரம் நிறம் உண்டு, கறுத்த தோலுக்கு நிறமே இல்லை என்பதுபோல் அல்லவா அது இருக்கிறது? திருமண நாளில் ஒரு பெண்ணின் முகத்தைக் கணினியில் வெளுத்து அவளிடம் கொடுக்கிறோம். அழகாய் இருக்கிறாய் என்கிறோம். உன் முகம் போதவில்லை என்ற செய்தியும் அந்த ஆல்பத்தோடு சேர்ந்தே அவள் கைக்குப் போகிறது. அவள் அதை வாழ்நாள் முழுவதும் புரட்டிப் பார்ப்பாள்.

கறுத்த முகத்தை இருளில் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருட்டாக்குவதும் பொய், வெளுப்பாக்குவதும் பொய். கறுத்த தோலில் ஒளி படியும் விதமே தனி அழகு: கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம், நெற்றியில் ஒரு பொன்னிறம், கண்ணோரத்தில் ஆழமான நிழல். ஒளியின் அளவு சரியாய் இருந்தால் இவை யாவும் படத்தில் வந்து நிற்கும்.

ஆகவே வாலிபரே, இவற்றைச் செய்து பாருங்கள். சாம்பல் அட்டை ஒன்று வாங்கி, முகத்தின்மேல் விழும் அதே வெளிச்சத்தில் பிடித்து அளவுங்கள். அட்டை இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையை அளவுங்கள். அது நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிறியது என்பது பழைய கைக்கணக்கு. ஆகையால் கை காட்டும் அளவிலிருந்து ஒரு படி கூட்ட வேண்டும். உங்கள் கையை அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டு உங்கள் கணக்கை அறிந்துகொள்வது நல்லது. புடவையின் பூவேலை முற்றிலும் வெளுத்து அழிந்தால் பிறகு மீட்க முடியாது. அந்த எல்லைக்குள் முகத்திற்கு வேண்டிய ஒளியைக் கொடுங்கள். போதவில்லையென்றால் முகத்தைச் சன்னலின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை எதிர்ப்புறம் பிடித்தாலே நிழல் இளகும். கேமராவின் ‘ரா’ கோப்பாகவும் பதிந்து வைத்தால் பின்னால் திருத்த இடமிருக்கும். திரையில் தோன்றும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நடுவில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று போராடாதீர்கள். கறுத்த முகத்தின் இடம் அதில் இயல்பாகவே இடப்பக்கம்தான்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டுடியோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, முகத்தின் நிறத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வியப்படையலாம். சொல்லுங்கள்.

நம் வீடுகளின் சுவர்களில் மறைந்துபோன பாட்டிமாரின் படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவர்களைக் கண்டிராத பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படமே பாட்டி. ஒரு பேத்தி அதன்முன் நின்று, இந்த நிறம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தன் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் வரும். அப்பொழுது அவள் விடையைக் காண வேண்டும். அந்த விடையைக் காப்பாற்றித் தரும் பொறுப்பு, இன்று கேமராவைக் கையில் ஏந்தியிருக்கிற உங்களுடையது.